இரு சொல்லும் இடைநின்ற பொருளும்

பள்ளிகளிலே புதிய மாணவரைச் சேர்க்குங்கால் நிரப்பித் தருமாறு கேட்கும் படிவத்தில் ‘மதர் டங்’ என்றொரு கட்டம் உண்டு. பெங்களூருவில் வாழும் தமிழ்க் குடும்பத்தார் அக்கட்டத்தில் தயக்கமின்றித் ‘தமிழ்’ என்று எழுதிவிடுவர். ஞாயிறுதோறும் நாம் நடத்திவரும் தமிழ் வகுப்புக்கு வரும் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி ஒருநாள் எழுந்து நின்று, “ஐயா, மதர் டங் என்றால் அம்மாவுடைய மொழியா, என்னுடைய மொழியா? அம்மாவுக்குத் தமிழ் நன்றாக வரும். எனக்குச் சரியாக வராதே. அப்படியானால் அந்தக் கட்டத்தில் எழுதியது பொய்தானே?” என்று வினவினாள். வகுப்பில் இருந்தோர் நகைத்தனர். நமக்கு நகை எழவில்லை. அப்பொழுதே தக்க விடை கூற இயலாமற் போனதுதான் இக்கட்டுரைக்கு வித்து.

அச்சிறுமி தொடுத்தது மொழிப்பற்றுக் குறித்த வினா அன்று. தூய இலக்கண வினா. ‘தாய்’ என்னும் சொல்லை அவள் அறிவாள். ‘மொழி’ என்னும் சொல்லையும் அறிவாள். அவள் அறியாதது, அவ்விரண்டும் ஒன்றையொன்று எவ்வாறு பற்றி நிற்கின்றன என்பதே. இரு சொல் கூடியமைந்த ஆங்கிலத் தொடர்கள் நம் பிள்ளைகளுக்கும், ஏன், அவற்றைத் தமிழாக்கப் புகுந்த அறிஞர்களுக்குமே இடர் விளைப்பது இவ்விடத்திலேதான். அகராதி சொல்லுக்குப் பொருள் கூறும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே மறைந்து நிற்பதற்கு அது பொருள் கூறுவதில்லை.

மறைந்து நிற்பதை ஆராய்வதற்கென்றே நம் முன்னோர் தொகை என்னும் பகுதியை வகுத்தனர். தொல்காப்பியர் எச்சவியலிலும், பவணந்தியார் நன்னூற் பொதுவியலிலும் அதனை விரித்துரைக்கின்றனர். வேற்றுமைத்தொகை, வினைத்தொகை, பண்புத்தொகை, உவமைத்தொகை, உம்மைத்தொகை, அன்மொழித்தொகை என்னும் ஆறும் நாம் பள்ளியில் நெட்டுருச் செய்து, தேர்வு முடிந்த மறுநாளே மறந்தவை. உருபோ உம்மையோ வேறொன்றோ இடையில் தொக்கு நிற்க, இரு சொல் ஒரு சொல்லின் தன்மையதாய் நடப்பதே தொகை. அவ்வாறு தொக்கவிடத்து ஒரே தொடர் இரண்டு முதல் ஏழு வரையில் பொருள்பட்டு மயங்கும் என்று பவணந்தியார் எண்ணிக்கையிட்டே கூறிப்போந்தார். ‘மரவேலி’ என்பது உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. மரத்தால் ஆகிய வேலியுமாகலாம். மரத்தைக் காத்தற்கு இட்ட வேலியுமாகலாம். மரங்களே வேலியாய் நிற்பதுமாகலாம். இடமும் வழக்கும் நோக்கியே பொருள் துணிதல் வேண்டும்.

இஃது ஏதோ புலவர் மன்றத்துக்கே உரிய நுணுக்கம் என்று எண்ணற்க. நம் அடுக்களையைப் பாருங்கள். தேங்காயெண்ணெய் தேங்காயிலிருந்து எடுத்தது. விளக்கெண்ணெய் விளக்கிலிருந்து எடுத்ததன்று. விளக்கெரித்தற்கு ஆகும் எண்ணெய். மண்ணெண்ணெய் மண்ணிலிருந்து வருவது. நல்லெண்ணெய் நன்மையாகிய பண்பால் பெயர் பெற்றது. ‘எண்ணெய்’ ஒன்றே, அதன் முன்னர் நின்ற சொல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகையால் அதனைப் பற்றியிருக்கின்றது. இதில் வேடிக்கை ஒன்றுண்டு. மண்ணெண்ணெய் வந்தபின் விளக்கில் எரிந்தது அதுவே. விளக்கெண்ணெயோ வயிற்றுக்கு மருந்தாகிக் குழந்தைகளை அழவைத்தது. உறவு மாறியும் பெயர் மாறவில்லை. தமிழ் பேசும் குழந்தை எதுவும் இவற்றுள் மயங்குவதில்லை. அதே குழந்தை ஆங்கிலத்திலே ‘கோகனட் ஆயில்’ தேங்காயிலிருந்து வருமெனின் ‘பேபி ஆயில்’ எதிலிருந்து வரும் என்று கேட்குமானால், அஃது அறியாமையன்று. அவ்வினாவுக்கு விடை அதன் தாய் பேசும் தமிழிலேயே இருக்கின்றது என்பதை நாம்தாம் எடுத்துக் காட்டத் தவறினோம்.

ஆங்கிலத் தொகைகளின் இயல்பு நம்முடையவற்றுக்குப் பெரிதும் நெருங்கியது. அங்கும் உருபு மறையும், வினை மறையும், சில இடத்து முற்றிலும் மாறான இரு வினைகள் ஒரே தொடரில் மறைந்து கிடக்கும். ‘ஃபயர்மேன்’ என்னும் சொல்லை நோக்குவோம். சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூருக் கண்டோன்மென்டுக்கு 1864-இல் இருப்புப்பாதை வந்தது. நம்மவருள் பலருடைய பாட்டனும் முப்பாட்டனும் வந்திறங்கிய வழி அதுவே. அவ்வழியில் நீராவி எஞ்சின் ஓடிய நாளெல்லாம் ஃபயர்மேன் எனப்பட்டவர் நிலக்கரியை வாரியிட்டுத் தீயை வளர்த்தவர். நகரத்திலோ, மணியடித்துச் செல்லும் சிவப்பு வண்டியில் ஏறிச்சென்று தீயை அவிப்பவர்க்கும் ஃபயர்மேன் என்பதே பெயர். வளர்ப்பவரும் அவிப்பவரும் ஒரு சொல்லுக்குள் அமைதியாக உறைகின்றனர்.

தமிழில் இதனைப் பெயர்த்தவர் ‘தீ மனிதர்’ என்று எழுதி நின்றுவிடவில்லை. ‘தீயணைப்பு வீரர்’ என்றார். அவர் பணிபுரியும் இடத்தைத் ‘தீயணைப்பு நிலையம்’ என்றார். ஆங்கிலம் மறைத்துவைத்த வினையைத் தேடியெடுத்து நடுவில் நிறுத்தினார். அவர் யாரென்று நாம் அறியோம். எனினும் அவர் நன்னூலை நன்கு கற்றவராதல் வேண்டும், அன்றேல் நல்ல காதுடையவராதல் வேண்டும்.

வினைத்தொகையில் இவ்வொற்றுமை இன்னும் தெளிவு. ‘ஸ்லீப்பிங் சைல்ட்’ என்றால் உறங்குவது குழந்தை. ‘ஸ்லீப்பிங் பில்’ என்றால் உறங்குவது மாத்திரையன்று. ‘வாக்கிங் ஸ்டிக்’ நடப்பதில்லை; ‘டிரிங்கிங் வாட்டர்’ குடிப்பதில்லை. ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் இதனை விதிவிலக்கு என்று கூறி நகர்ந்துவிடுவர். தமிழில் ‘கொல்யானை’ என்றால் கொல்வது யானை. ‘குடிநீர்’ என்றால் குடிக்கப்படுவது நீர். ‘ஊன்றுகோல்’ என்றால் ஊன்றப்படுவது கோல். ‘சுடுகாடு’ என்றாலோ காடு சுடுவதுமில்லை, சுடப்படுவதுமில்லை. அது சுடும் இடம். வினை யார் மேலது, எதன் மேலது என்பதைத் தொகை சொல்லாமல் விடும் என்ற ஒரு செய்தியைத் தமிழ் வகுப்பில் உணர்ந்த பிள்ளைக்கு ஆங்கில வகுப்பில் விதிவிலக்கு என்ற ஒன்றே வேண்டியதில்லை.

அன்மொழித்தொகையைக் கூறாமற் செல்லல் தகாது. பொன்னாலான தொடியை அணிந்த பெண் வந்தாள் என்பதைப் ‘பொற்றொடி வந்தாள்’ என்று சுருக்கிக் கூறுவது நாம் படித்த எடுத்துக்காட்டு. இரு சொல்லிலும் பொருள் நில்லாது, அவற்றுக்கு அப்பாலுள்ள ஒருவர் மேல் நிற்பது. இவ்வகைக்கு வடமொழியார் இட்ட பெயர் பகுவிரீகி. மிகுந்த நெல்லை உடையவன் என்பது அதன் பொருள். அப்பெயரே அவ்வகைக்கு எடுத்துக்காட்டும் ஆகும். ஐரோப்பிய மொழிநூலார் ஆங்கிலத் தொகைகளை ஆராயும்போதும் இப்பெயரையே கடன் வாங்கிக்கொண்டனர். ‘ரெட்கோட்’ என்றால் சிவப்பு அங்கியன்று, அதனை அணிந்த வெள்ளைச் சிப்பாய். அத்தகைய சிப்பாய்கள் உலவியதே 1809-இல் இங்கே தோன்றிய கண்டோன்மென்ட். ‘காக்கிச்சட்டை வருகிறது, ஓடு’ என்று தெருவிலே கூவும் சிறுவன் அன்மொழித்தொகையைக் கையாள்கின்றான். தான் கையாள்வதை அவன் அறியான், அவ்வளவே.

இனி ஓசையைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். ஆங்கிலத்தில் ‘பிளாக்’ என்பதும் ‘போர்டு’ என்பதும் சேரும்போது, முதற்சொல்லை அழுத்திக் கூறின் பெரும்பாலும் அது பள்ளியில் தொங்கும் பலகை. பின்சொல்லை அழுத்திக் கூறின் ஏதோவொரு கறுப்பான பலகை. எழுத்தில் தோன்றாத வேறுபாடு குரலில் தோன்றும். நம் பிள்ளைகள் இதனைப் பாடநூலால் அன்றிச் செவியாலேயே கற்றுவிடுகின்றனர். தமிழில் அவ்வேலையைச் செய்வது புணர்ச்சி. ‘கரும்பலகை’ என்றால் பள்ளிக்குரியது. ‘கறுப்புப் பலகை’ என்றால் எதுவுமாகலாம். பலகை பச்சை நிறமாய் மாறிய வகுப்பறைகளிலும் அது கரும்பலகையே. ‘வெற்றிலை பாக்கு’ என்று ஒற்றின்றி எழுதினால் வெற்றிலையும் பாக்கும். ‘வெற்றிலைப் பெட்டி’ என்று ஒற்று மிகுத்து எழுதினால் வெற்றிலையை வைத்தற்குரிய பெட்டி. உம்மை மறைந்தால் வல்லினம் மிகாது என்னும் விதி வெறும் எழுத்துச் சடங்கன்று. மறைந்திருப்பது இன்னது என்று காட்டும் கைகாட்டி மரம் அது. நம் திருமண அழைப்பிதழ்களிலும் கடைப் பலகைகளிலும் ஒற்றுகளை உப்புத் தூவுவதுபோல் கண்டவிடத்தெல்லாம் தூவுவதைக் காணுந்தோறும் நமக்கு வருத்தமே மிகுகின்றது. அச்சகத்தாரைக் குறை கூறிப் பயனில்லை. எழுதிக் கொடுத்தவர் நாமே.

கலைச்சொல் ஆக்கத்திலே நம்மவர் எவ்வளவு வென்றனர், எங்கே வழுக்கினர் என்பதை இனி நோக்கலாம். இம்முயற்சி நூறாண்டைக் கடந்துவிட்டது. பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியில் பயின்ற இராசாசி முதலானோர் 1916-இல் சேலத்திலே கலைச்சொல் ஆக்கத்துக்கென ஒரு கழகம் அமைத்து இதழும் வெளியிட்டனர். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் 1938-இல் கலைச்சொற்றொகுதி வெளியிட்டனர். அதன்பின் பல்கலைக்கழகங்களும் அரசும் நாளிதழ்களும் ஆயிரமாயிரம் சொற்களைப் படைத்தன. அவற்றையெல்லாம் ஒருங்கே எடைபோடுவது நம் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது. ஆயினும் ஒரு தேர்வு வைக்கலாம்: ஆங்கிலத் தொடரின் இரு சொல்லையும் பெயர்த்தவர் இடைநின்ற உறவையும் பெயர்த்தாரா, இல்லையா?

‘பிளாக் மார்க்கெட்’ என்பதைக் ‘கறுப்புச் சந்தை’ என்றும் எழுதினர். ‘கள்ளச் சந்தை’ என்றும் எழுதினர். மக்கள் நாவில் நிலைத்தது பின்னதே. கறுப்பு என்பது அங்கே நிறமன்று, ஒளிவுமறைவு என்று உணர்ந்து பெயர்த்தமையால் அது வென்றது. ஆனால் ‘பிளாக் மணி’ என்பதில் அவ்வழி செல்லவில்லை. ‘கள்ளப் பணம்’ என்றால் கள்ளத்தனமாக அச்சிட்ட பணத்தாளோ என்னும் மயக்கம் எழும். ஆதலின் ‘கறுப்புப் பணம்’ நிலைத்தது. ஒரே ஆங்கிலச் சொல் ஓரிடத்தில் ‘கள்ள’ என்றும் மற்றோரிடத்தில் ‘கறுப்பு’ என்றும் ஆனது முரண்பாடன்று, அதுவே தெளிவு.

‘கோல்ட் வார்’ என்பது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் 1947 முதல் உலகெங்கும் பரவிய தொடர். குண்டு வெடிக்கும் வெம்மையான போருக்கு மாறாக, வெடியாத பகை என்பது அங்கே கருத்து. ஈழத்தமிழர் அதனைக் ‘கெடுபிடிப்போர்’ என்றனர். தமிழகத்தார் ‘பனிப்போர்’ என்றனர். முன்னது பொருளைக் காட்டுவது. பின்னது ஒரு காட்சியைத் தருவது. குளிர் என்பதை விட்டுப் பனி என்று கொண்டமையால், கண்ணை மறைத்துக் கவிந்து நிற்கும் ஒன்றின் தோற்றம் வந்து சேர்ந்தது. இரண்டும் நன்றே, எனினும் நம் மனம் சாய்வது பனிப்போரின் பக்கம். மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே பேச்சற்ற நாட்களைப் பனிப்போர் என்று கூறத் தமிழ்ப் பெண்டிர் யாரையும் கேட்கவில்லை. வல்லரசுகளுக்காக ஆக்கிய சொல் அடுக்களைக்குள் நுழையுமாயின் அதற்குமேல் என்ன சான்று வேண்டும்!

வழுக்கிய இடங்களும் பல. ‘கிரீன்ஹவுஸ்’ என்பது செடிகளைக் குளிரிலிருந்து காத்து வளர்க்கும் கண்ணாடி வீடு. அதனைப் ‘பசுமை இல்லம்’ என்று பெயர்த்தனர். பசுமையானவற்றை வளர்க்கும் இல்லம் என்று விரித்துக்கொள்வோமேல் குற்றமில்லை. ஆனால் இன்றைய தமிழில் ‘பசுமை’ என்பது சுற்றுச்சூழலுக்கு ஊறு செய்யாத எதற்கும் அடைமொழியாகிவிட்டது. அந்நிலையில் பூமியைச் சூடேற்றும் கரிவளியைப் ‘பசுமை இல்ல வாயு’ என்று படிக்கும் மாணவன் அதனை ஏதோ நல்ல காற்று என்றே கொள்வான். அவனைக் குறை கூறல் எங்ஙனம்? கண்ணாடி வீடு வெப்பத்தை உள்ளே அடைத்துவைக்கும் என்னும் உவமை அத்தொடரின் உயிர். அவ்வுயிரை விட்டுவிட்டு இரு சொல்லை மட்டும் சுமந்து வந்தனர்.

உதகையிலும் ஏற்காட்டிலும் ஏரிக்கரையில் படகுகள் நிறுத்தும் இடத்துக்குப் ‘படகு இல்லம்’ என்று பெயர். கேரளத்து உப்பங்கழிகளில் தங்கும் அறைகளோடு மிதந்து செல்லும் கலத்துக்குப் ‘படகு வீடு’ என்று பெயர். இல்லமும் வீடும் ஒன்றே என்று அகராதி கூறும். ஒன்று படகுக்கு வீடு. மற்றொன்று படகின் மேல் வீடு. ஆங்கிலம் சொற்களை முன்பின்னாக மாற்றி ‘போட்ஹவுஸ்’, ‘ஹவுஸ்போட்’ என்று இவற்றைப் பிரித்தது. தமிழிலும் பின்சொல்லிலே பொருள் நிற்கும் தொகைகளே மிகுதி. ஆதலின் மிதப்பதை ‘வீட்டுப்படகு’ என்றிருக்கலாம். விடுமுறைக்கு உதகைக்குச் சென்று படகு இல்லத்தில் இரவு தங்க அறை கிடைக்குமா என்று கேட்ட நண்பர் ஒருவரை நாம் அறிவோம். அவர் பெயரை இங்கே கூறின் நட்புக் கெடும்.

நம் நகரின் பெயர்களையே எடுத்துக்கொண்டாலும் செய்தி உண்டு. ‘கார்டன் சிட்டி’ என்று பெங்களூருவை அழைப்பது பழைய வழக்கு. ஆங்கிலேயராகிய எபினேசர் ஓவர்டு 1898-இலும் 1902-இலும் வெளியிட்ட நூல்களால் அத்தொடர்க்கு, வயலும் தோப்பும் சூழத் திட்டமிட்டு எழுப்பிய புதுநகர் என்னும் தனிப்பொருளும் ஏற்பட்டது. நம் ஊரைக் குறிக்குமிடத்து அதற்குத் தோட்டங்கள் மிக்க நகர் என்னும் அளவே பொருள். தமிழில் இதனைப் ‘பூங்கா நகரம்’ என்பர். சென்னையிலோ ‘பார்க் டவுன்’ பகுதியைப் ‘பூங்கா நகர்’ என்பர். அங்கே அது பூங்காவை உடைய நகரன்று; பூங்காவை ஒட்டிய பேட்டை. ‘சிலிக்கான் வேலி’ என்பதைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. அமெரிக்காவிலே ஒரு பள்ளத்தாக்குக்கு 1971-இல் இதழாளர் ஒருவர் பரப்பிய பெயர் அது. கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் மேட்டுநிலத்தின் மேல் அமர்ந்திருக்கும் பெங்களூருவைச் ‘சிலிக்கான் பள்ளத்தாக்கு’ என்று தமிழ் நாளிதழ்கள் எழுதுங்கால், ஐராவதத்தைப் பூனைக்குட்டி என்றதுபோல் இருக்கின்றது.

‘மென்பொருள்’ என்னும் சொல்லை நாம் ஏற்றுக்கொள்கின்றோம், ஒரு முணுமுணுப்போடு. ‘ஹார்டுவேர்’ என்பது முதலில் ஆணி, தாழ்ப்பாள், பூட்டு விற்கும் கடைச்சரக்கு. பின்னரே கணிப்பொறியின் உறுப்புக்கு ஆயிற்று. அதற்கு எதிராக விளையாட்டாய் எழுந்தது ‘சாஃப்ட்வேர்’. மென்மை அதில் எங்கும் இல்லை. வன்மைக்கு எதிர் என்பதே உறவு. எஸ்.ஜே.பி. சாலையில் ஆணி வாங்கச் செல்லும் எவரும் ‘வன்பொருள் கடை எங்கே?’ என்று கேட்கமாட்டார். ‘ஹார்டுவேர் கடை’ என்றே கேட்பார். பெயர்த்தவர் பின்னைய பொருளை மட்டுமே கண்டார்.

இத்தனையும் கூறியபின் நம் தேர்வையே பொய்யாக்கும் சொற்களும் உள என்பதை ஒப்புக்கொள்ளல் நேர்மை. தமிழகத்துச் சந்தைகளில் ‘பெங்களூர்க் கத்தரிக்காய்’ என்று ஒரு காய் விற்கும். இங்கே சௌசௌ என்போம். அதன் பிறப்பிடம் மெக்சிகோ. கத்தரி இனமும் அன்று. இரு சொல்லில் ஒன்றேனும் உண்மையில்லை. ஆயினும் அப்பெயரைக் கேட்டு வேறு காயை எடுத்துத் தந்த கடைக்காரர் எவருமிலர். வழக்கு என்பது அத்துணை வலியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அச்சிறுமிக்கு விடை கூறினோம். தாய்மொழி என்பதைத் தாயினது மொழி என்று ஆறாம் வேற்றுமையாக விரிக்கலாம். அப்பொழுது அது அம்மாவுடையது. தாயிடமிருந்து பெறும் மொழி என்று ஐந்தாம் வேற்றுமையும் பயனும் தொக்கதாக விரிக்கலாம். அப்பொழுது அது வந்துகொண்டிருப்பது. இன்னும் வந்து முடியாவிட்டாலும் பொய்யாகாது. தாயாகிய மொழி என்று பண்புத்தொகையாகவும் விரிக்கலாம். மேடைப் பேச்சாளர்க்கு உகந்தது அது. மூன்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டவள், “படிவத்தில் கேட்பது இதில் எதை ஐயா?” என்றாள். படிவத்தை அச்சிட்டவர்க்கே அது தெரிந்திராது என்றோம். அவள் இரண்டாவதன் கீழே கோடிட்டாள். பிறகு, தன் பாட்டனார் தங்கவயலில் வேலை பார்த்தவர் என்றும், அங்கே தங்கத்தைப் பயிரிடுவார்களா என்று சிறுவயதில் தான் கேட்டதுண்டு என்றும் சொன்னாள்.

கோலார் தங்கவயல்! ‘கோல்ட் ஃபீல்டு’ என்பதன் நேர் பெயர்ப்பு. ‘ஃபீல்டு’ என்னும் ஒரு சொல்லைத் தமிழ் எத்தனை வகையாகப் பிரித்தறிந்திருக்கின்றது! போர் நடப்பது களம், ஆடுவது திடல், காந்தம் ஈர்க்கும் பரப்புப் புலம், ஒருவர் கற்றுத் தேர்வது துறை, உழுது விதைப்பதே வயல். ஆங்கிலத்தில் தாதுப்பொருள் பரந்து கிடக்கும் நிலப்பகுதியையே இங்கு ஃபீல்டு என்றனர். ஆகவே ‘தங்கப்புலம்’ என்றிருந்தால் இலக்கணம் மகிழ்ந்திருக்கும். பல்லாண்டுக்கு முன் நாமே இதனைப் பிழைப் பெயர்ப்பு என்று ஒரு கூட்டத்தில் பேசியதுண்டு. இன்று அக்கருத்தைத் திரும்பப் பெறுகின்றோம்.

1880-களில் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கம் வெட்டத் தொடங்கியபின், வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து தமிழர் பல்லாயிரவர் அங்கே குடியேறினர். அவருள் பெரும்பாலோர் பிறர் வயலில் உழைத்தவரேயன்றித் தமக்கென வயல் உடையவரல்லர். சிவசமுத்திரத்திலிருந்து 1902-இல் அங்கே மின்சாரம் வந்தது. சாம்பியன் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்றது. கதிரவனைக் காணாது அவ்வாழத்தில் பாறையைக் குடைந்தவர் வாழ்ந்த ஊருக்கு வயல் என்று பெயர் அமைந்தது. அதனை யார் இட்டார் என்பது கிடக்க. இறங்கி உழைத்து, விளைவதைப் பிறர்க்கு அளந்து கொடுத்துவிட்டுக் கூலியோடு வீடு திரும்பும் இடம் எதுவோ அதுவே அவர் அறிந்த வயல். பெயர்ப்பு வழுக்கியது, பொருள் வழுக்கவில்லை. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. ஊரின் பெயர் மட்டும் இன்றும் தங்கவயலே.

கோலாரின் பழம்பெயர் குவளாலபுரம்; கங்கரின் பழைய தலைநகர் அது. கங்கர் குடியில் வந்த சீயகங்கன் கேட்டுக்கொண்டதனால்தான் பவணந்தியார் நன்னூலை இயற்றினார் என்று அந்நூலின் சிறப்புப்பாயிரம் கூறுகின்றது. இதனைக் கேட்ட வகுப்பினர் சற்றே நிமிர்ந்து அமர்ந்தனர்.

அதற்கடுத்த வாரம் அச்சிறுமி பாட்டனாரிடம் கேட்டு எழுதிய தொகைகள் சிலவற்றைக் கொண்டுவந்தாள். அவற்றுள் ஒன்று ‘சயனைடு மேடு’. தங்கவயலில் ஆங்கிலத்தே ‘சயனைடு டம்ப்’ என்று வழங்கும் சாம்பல் நிறக் குன்றுகளைக் குறிப்பது. சயனைடால் ஆகிய மேடு என்று முதலில் எழுதி அடித்திருந்தாள். அதன் கீழே பாட்டனார் சொன்ன விரிவு இருந்தது: சயனைடு கலந்த நீரால் பொன்னைப் பிரித்தெடுத்த பின் கழித்துக் கொட்டிய மண்மேடு. இரண்டு சொல்லை விரிக்க ஒன்பது சொல் வேண்டியிருந்தது. பக்கத்தில், ‘உருபும் பயனும் உடன்தொக்க தொகை’ என்று யாரும் சொல்லாமல் அவளே எழுதியிருந்தாள். ‘உடன்தொக்க’ என்பதில் ஓர் ஒற்றுக் குறைந்திருந்தது. அதனை மட்டும் திருத்திக் கொடுத்தோம்.